இணையவழி மனநல ஆலோசனை உங்களுக்குப் பொருந்துமா என்று முடிவு செய்வது எப்படி?

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு வர, ஆழியாறு இறக்கத்தில் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலம் வர, திம்பம் மலைப்பாதையில் 27 வளைவுகள். ஒரு மணி நேரம்கூட நீளாத உரையாடலுக்காக வாரத்தில் ஒரு முழு நாளை விட்டுக்கொடுப்பது, தேயிலைத் தோட்டத்தில் நாள்கூலிக்குச் செல்கிறவருக்கும் மலைக்காட்டில் தனியாளாக வெள்ளாமை பார்க்கிறவருக்கும் இயலாத காரியம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு பார்க்கும் பனியன் தொழிலாளி சமவெளியில் இருந்தாலும் அவர் நிலையும் ஏறத்தாழ இதுதான். அவர் கம்பெனியை விட்டு வெளியே வரும் நேரத்தில், அவர் பார்க்க வேண்டிய ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பார். இத்தகையவர்கள் கைபேசி வழியாக மனநல ஆலோசனை பெறலாமா என்று யோசிப்பது முற்றிலும் நியாயமானது.

வேறொரு காரணமும் உண்டு. அதை எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு மனநல மருத்துவமனையின் முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பங்காளி வீட்டார் ஒருவரோ, சம்பந்தி வழியில் ஒருவரோ, பால் சொசைட்டியில் தினமும் பார்க்கிறவரோ உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அது. அடுத்த கெடா விருந்தில் அது பேச்சாகும், வீட்டில் பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் பார்க்கும்போது திரும்பவும் எழும் என்பதை இந்தக் கொங்குப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த அச்சத்தைப் பழிப்பதில் பயனில்லை. ஆனால் ஊரின் கண்ணுக்குத் தப்பிப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவருகிறவர், இனி அதைக் கேட்கக்கூடியவர்கள் தம் வீட்டார் என்பதை மறந்துவிடுகிறார். இணையவழி ஆலோசனை பலருக்குப் பாதியில் நின்றுபோவதற்கு, ஆலோசகரின் திறமைக் குறைவைவிட, வாய்விட்டுப் பேச ஓர் இடம் இல்லாமையே பெரும்பாலும் காரணமாகிறது என்பது என் கணிப்பு. ஆகவே, உங்கள் சிக்கல் எத்தகையது, பேசுவதற்கு உங்களுக்கு இடம் உண்டா, மறுமுனையில் இருப்பவர் யார் என்ற மூன்றையும் இந்த வரிசையிலேயே பார்த்து முடிவு செய்வது நல்லது. கட்டணம், செயலி, காணொளியா குரலா என்பவையெல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

திரை வழியாகப் பேசினால் பலன் கிடைக்குமா என்ற ஐயத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளலாம். மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும், எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பயிற்றுவிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைக் காணொளி வழியாகப் பெற்றவர்கள், நேரில் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ இணையான முன்னேற்றத்தை அடைந்ததாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இது கொரோனாக் காலத்தில் முளைத்த வழக்கமும் அன்று. சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம், புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பி, அதற்குள் இருந்தபடியே மருத்துவருடன் காணொளியில் பேசும் ஏற்பாட்டை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடத்தத் தொடங்கிவிட்டது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, பாதிப்பின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருக்கிறார்கள் என்று கண்டது. எந்த உதவியும் பெறாமல் ஆண்டுக்கணக்கில் உழல்வதைவிடத் திரை வழியாகப் பெறுவது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை; எல்லாருக்கும் எல்லா நிலையிலும் அது போதும் என்பதைத்தான் நான் ஏற்பதில்லை.

திரை போதாத நிலைமைகள்

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்து, எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியிருந்தால், ஆலோசகரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நம்பத்தக்க ஒருவரிடம் அப்போதே சொல்லி, அவரைக் கூடவே இருக்கச் செய்து, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் ஆகிய ஊர்களில் அவை உள்ளன. வண்டிக்கு 108. பேச ஒரு குரல் உடனடியாக வேண்டுமென்றால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் டெலி மனஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் இரவிலும் பகலிலும் தமிழில் பேசலாம். மாநில அரசின் 104 எண்ணும் உண்டு. போலீஸ் வழக்கு வந்துவிடுமோ என்று அஞ்சி இதை மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் கடமையையும் அரசின்மீது சுமத்துகிறது.

இதில் தோட்டத்துச் சாளைகளில், அதாவது காட்டுக்குள் தனித்து நிற்கும் வீடுகளில், வாழ்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருக்காது. பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தோ கையெட்டும் தூரத்தில் இருக்கும். இத்தகைய எண்ணம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறித் தணியக்கூடியது என்பதால், அந்த நேரத்தில் மருந்து கைக்கு எட்டாதிருப்பதே பல உயிர்களைக் காக்கிறது. வீட்டில் ஒருவர் சோர்ந்திருப்பதாகத் தோன்றினால், பூச்சிமருந்தை எடுத்துப் பூட்டிவிட்டு, சாவியை வேறொருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். இதைச் செய்ய எந்த ஆலோசகரின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பெங்களூரிலோ சென்னையிலோ அமர்ந்திருக்கும் ஆலோசகரால் உங்கள் சாளைக்கு ஓடி வர முடியாது. அவர் செய்யக்கூடியது, நீங்கள் முன்னரே கொடுத்து வைத்த எண்ணை அழைப்பது ஒன்றுதான். அதனால், முதல் அமர்விலேயே உங்கள் முகவரியையும் அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்கிற ஆலோசகர் தம் வேலையை அறிந்தவர் என்று கொள்ளலாம்.

பிறர் காதில் விழாத குரல்கள் கேட்பது, குடும்பத்தார் சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் உறுதிப்படுவது, நாள்கணக்கில் தூங்காமலேயே களைப்பின்றி இருந்து கையில் உள்ள பணத்தையெல்லாம் செலவழிப்பது, பிள்ளை பெற்ற சில நாள்களில் தாய்க்குக் குழப்பமும் பயமும் பிடிப்பது ஆகியவை மனநல மருத்துவர் நேரில் பார்க்க வேண்டியவை. இவற்றில் கடைசியானதை, பேறுகாலத்தில் வரும் சாதாரண அலுப்பு என்று மூத்த பெண்கள் ஒதுக்கிவிடுவதுண்டு. அது அவசர நிலை.

குடிப்பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இணையத்தில் உதவி தேடும் மனைவிமாரிலும் தாய்மாரிலும் பலர் அதற்காகவே தேடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாள்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். சிலருக்கு அது உயிரையே எடுத்துவிடும். ஆகவே நிறுத்தும் கட்டத்தை மருத்துவமனையில், மருந்தின் துணையோடு கடந்துவிட்டு, மீண்டும் குடிக்காமல் இருப்பதற்கான நீண்ட வேலையை ஆலோசகருடன் இணையவழியில் தொடரலாம். ஒரு திரை அமர்வின் முடிவில் “நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள்” என்று சொல்லி அனுப்புகிறவரிடம் மறுபடி போக வேண்டாம்.

இன்னொன்றையும் எளிதில் தவறவிடுகிறோம். தைராய்டுக் குறைவு, ரத்தசோகை, பி12 வைட்டமின் குறைவு ஆகியவை மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும். தைராய்டு மிகுந்தால் பதற்றத்தைப் போல நெஞ்சு படபடக்கும். திரை வழியாக நாடி பார்க்க முடியாது. சில மாதங்களுக்குள் புதிதாகத் தொடங்கிய சோர்வென்றால், ஊரிலுள்ள பொது மருத்துவரிடம் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்ட பிறகு ஆலோசகரைத் தேடுவது பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். வயதானவருக்கு மறதி கூடிக்கொண்டே போனாலும் இதே வழிதான்.

சிறு குழந்தைகளைத் திரைக்கு முன் உட்கார வைப்பதில் பெரிய பயனில்லை. அவர்களை விளையாட்டின் ஊடாகத்தான் அறிய முடியும், அதற்கு நேர்ச்சந்திப்பு வேண்டும். பதின்வயதினரின் கதை வேறு; பெரியவர்களைவிட அவர்களுக்குத் திரை இயல்பானது. கணவன் மனைவி பூசலுக்கு இருவரும் சேர்ந்து அமர்ந்து பேசலாம். ஆனால் வீட்டில் அடி விழுகிறது என்றால் கூட்டு அமர்வு கூடாது. அமர்வில் சொன்னதற்காக இரவில் அடி விழும். அப்போது 181 மகளிர் உதவி எண்ணே முதலில். வீட்டுக்குத் தெரியாத காதலால் உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர்களுக்கும் முதல் தேவை பாதுகாப்புதான்; அதற்கு 112. ஆலோசனை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேசுவதற்கு ஓர் இடம்

நம் பழைய வீடுகளில் பகலில் கதவைச் சாத்தும் வழக்கமில்லை. ஆசாரத்தில் (முன்கூடத்தில்) வீட்டுப் பெரியவர் கட்டிலில் படுத்திருப்பார், பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) யாராவது பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஓர் அறைக்குள் மருமகள் கதவைத் தாழிட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினால், அதுவே அன்றைய செய்தியாகிவிடும். காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள், அது ஆலோசகரின் குரலைத்தான் மறைக்கும், தம் குரலை மறைக்காது என்பதை முதல் நாளே கண்டுகொள்கிறார்கள். பிறகு குரல் தானாகவே தாழ்கிறது. மாமியாரைப் பற்றிச் சொல்ல வந்தது “அவங்க” என்று சுருங்குகிறது. கடனைப் பற்றிச் சொல்ல வந்தது சொல்லப்படாமலே நேரம் முடிகிறது. இப்படி நான்கு அமர்வுகள் போனால், ஆலோசனையால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றத்தான் செய்யும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் இடத்தைச் சோதித்துப் பாருங்கள். நீங்கள் பேச நினைக்கும் இடத்தில், பேச நினைக்கும் அதே நேரத்தில், ஒரு நண்பரைக் காணொளியில் அழைத்து, வழக்கமான குரலில் பத்து நிமிடம் பேசுங்கள். யார் யார் குறுக்கே வருகிறார்கள், யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். நெட்வொர்க் எப்படி இருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தோட்டத்தில் கிணற்றோரம் உள்ள மோட்டார் அறை, வேப்பமரத்தடியில் நிறுத்திய கார், மாலை வெயில் தணிந்த மொட்டைமாடி, கடையை அடைத்த பிறகு அதன் பின்னறை ஆகியவை படுக்கையறையைவிடப் பல வேளைகளில் மேலானவை. காரில் பேசுவதென்றால் நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். ஓட்டிக்கொண்டே பேசுவதை எந்தப் பொறுப்புள்ள ஆலோசகரும் ஏற்கமாட்டார். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறி வீடுகளில் ஒரு விசித்திரம்: தறி ஓடும்போது நீங்கள் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது, ஆனால் ஆலோசகருக்கும் கேட்காது.

விடுதிகளில் இது இன்னும் கடினம். நூற்பாலை விடுதிகளிலும், கோவையைச் சுற்றியுள்ள கல்லூரி விடுதிகளிலும் ஓர் அறையில் பலர் தங்குகிறார்கள். கைபேசி வைத்துக்கொள்ளும் நேரத்துக்கும் சில இடங்களில் கட்டுப்பாடு உண்டு. மாணவர் என்றால் கல்லூரியின் சொந்த ஆலோசகரின் அறையையே, வெளி ஆலோசகருடன் பேசுவதற்கு ஒரு மணி நேரம் கேட்டுப் பார்க்கலாம், சிலர் தருவார்கள். எங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கு எழுத்து வழி உரையாடல் ஒரு மாற்று. முகம் பார்க்காமல், குரல் கேட்காமல், தட்டச்சு செய்து பேசுவதில் சொல்லத் தயங்கியவற்றைச் சொல்லும் துணிவு சிலருக்கு வருகிறது. ஆனால் அழுகையும் தயக்கமும் எழுத்தில் தெரிவதில்லை. ஆலோசகருக்கு உங்கள் நிலை பாதிதான் புலப்படும். கடுமையான சிக்கலுக்கு எழுத்தை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். காணொளிக்கு நெட்வொர்க் போதாத மலை ஊர்களில் வெறும் தொலைபேசிக் குரலே போதும். படம் உறைந்து உறைந்து நிற்கும் காணொளியைவிடத் தெளிவான குரல் மேல். மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் துணை மின்நிலையத்தில் என்றைக்கு மின்தடை என்று பார்த்துவிட்டு நேரம் குறிப்பது, சிறிய விஷயம்தான், ஆனால் அழுதுகொண்டிருக்கும்போது வைஃபை நின்றுபோவதைத் தவிர்க்கும்.

கைபேசியும் ஓர் இடம்தான். வீட்டில் பலர் எடுத்துப் பார்க்கும் கைபேசியென்றால், அறிவிப்புகள் பூட்டிய திரையில் தெரியாதபடி அமைப்பை மாற்றுங்கள். பணம் கட்டும்போது கணவருடனோ தந்தையுடனோ கூட்டுக் கணக்கு இருந்தால், யாருக்குச் செலுத்தினீர்கள் என்ற குறுஞ்செய்தி அவருக்கும் போகும். அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் திறந்தபடி இருந்தால் அதை மூடுங்கள். ஆலோசனைச் செயலிகள் உங்கள் உரையாடலைச் சேமிக்கின்றனவா, அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். தம்மைப் பற்றிய தரவை அழிக்கக் கோரும் உரிமைக்கு 2023ஆம் ஆண்டின் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தந்திருக்கிறது.

மறுமுனையில் இருப்பவர்

மூன்று வகையினர் இந்த வேலையைச் செய்கிறார்கள். மனநல மருத்துவர், எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதும் அதிகாரம் இம்மூவரில் அவருக்கே உண்டு. மருத்துவ உளவியலாளர், உளவியலில் முதுகலைக்குப் பிறகு மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர். ஆலோசகர் எனப்படுபவர் உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை படித்தவராக இருக்கலாம், சில வாரச் சான்றிதழ் வகுப்பு மட்டும் முடித்தவராகவும் இருக்கலாம். திரையில் இருவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். முதல் இருவரின் பதிவு எண்ணைக் கேட்டு, மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சிலின் பட்டியலிலும், மருத்துவ உளவியலாளர் என்றால் மறுவாழ்வுக் குழுமத்தின் பட்டியலிலும் சரிபார்க்கலாம். மூன்றாமவர்களை ஒழுங்குபடுத்த 2021இல் துணைநிலைச் சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசியச் சட்டம் வந்திருக்கிறது என்றாலும், இப்போதைக்கு நீங்களே கேட்டறிவதுதான் பாதுகாப்பு: எங்கே என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார், உங்களுடையதைப் போன்ற சிக்கலைக் கையாண்டிருக்கிறாரா. இதைக் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள் நம்மிடையே அதிகம். நல்ல ஆலோசகர் இந்தக் கேள்விகளுக்குச் சினம் கொள்ளமாட்டார்.

மூன்றே அமர்வில் குணம் என்று உறுதி கூறுகிறவர், பத்து அமர்வுக்கான கட்டணத்தை முன்கூட்டியே கேட்கிறவர், சத்துமாவோ கல்லோ விற்கிறவர், ஜாதகத்தைக் கேட்கிறவர் ஆகியோரிடமிருந்து விலகிவிடுங்கள். சில செயலிகளில் முதலில் பேசுவது மனிதர் அல்ல, கணினி நிரல். மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று நேரடியாகவே கேளுங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை ஒரு வரம்பு உண்டு. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், மருந்து விதிகளில் கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட எக்ஸ் அட்டவணையில் உள்ள மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளையும் தொலைவழியில் எழுதக் கூடாது என்று தடுக்கின்றன. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் பலர் கேட்கும் மாத்திரைகளில் சில இதற்குள் அடங்கும். ஆகவே அத்தகைய மாத்திரையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர், திரை மருத்துவரை மட்டும் நம்பினால் நடுவில் மருந்து நின்றுபோகலாம். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அவருக்கு உள்ளூரில் ஒரு மருத்துவர் கட்டாயம் வேண்டும்.

தமிழில் பேசும் ஆலோசகரையே தேடுங்கள். ஆங்கிலம் நன்றாக வருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், ஏனென்றால் அப்பா மீதுள்ள கோபம் ஆங்கிலத்தில் சொல்லும்போது பாதி ஆறிவிடுகிறது. உள்ளூர்க்காரர் வேண்டுமா, வெளியூர்க்காரர் வேண்டுமா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி பேசாமல் போனதும், தாய்மாமன் சீர் குறைந்ததால் ஒரு பெண் புகுந்த வீட்டில் படும் பாடும், நூல் விலை ஏறியதால் தறியை எடைக்குப் போட்டவரின் அவமானமும் உள்ளூர்க்காரருக்கு ஒரு வரியில் விளங்கும். வெளியூர்க்காரருக்கு விளக்க அரை அமர்வு போகும். ஆனால் உள்ளூர்க்காரர் எங்கோ ஓர் ஓரத்தில் உங்களுக்குச் சொந்தமாகவும் இருக்கக்கூடும். இந்தச் சுற்று வட்டாரத்தில் அது அரிதன்று. சொந்தபந்தம் நெருக்கமாகப் பின்னியுள்ள குடும்பத்தவருக்கு, மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் ஒருவரைத் தேர்வதையே நான் பரிந்துரைப்பேன். இணையவழியின் உண்மையான ஆதாயமே இதுதான். அந்த அரை அமர்வு விளக்கத்தில்கூட நன்மை உண்டு: தெரியாதவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான், இதுவரை இயல்பு என்று பொறுத்துக்கொண்டது எவ்வளவு பெரிய பாரம் என்று சொல்கிறவருக்கே புலப்படுகிறது.

செலவு

கட்டணம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். ஓர் அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், வர இயலாவிட்டால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு அளிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருவதால், ஆலோசனைக் கட்டணத்துக்கு அதை நம்ப வேண்டாம். பணம் இல்லாதவர்களுக்கு 14416 எண்ணும், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் நடக்கும் மனநலப் பிரிவுகளும் உள்ளன; அங்கே கட்டணம் இல்லை.

சோதித்துப் பார்க்கும் காலம்

மேலே சொன்னவற்றைக் கடந்து, திரை வழியே போகலாம் என்று தோன்றினால், மூன்று நான்கு அமர்வுகளை ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முதல் அமர்வை மட்டும் நேரில் வைத்துக்கொள்வது, என் பார்வையில், எல்லாவற்றிலும் சிறந்த வழி: தாளவாடிக்காரர் ஒரு நாள் கோவைக்கு வந்து ஆலோசகரைப் பார்த்துவிட்டால், பிறகு மாதக்கணக்கில் கைபேசியில் தொடரலாம்; அந்த முகம் அறிந்த முகமாகிவிட்டிருக்கும். நேரில் இயலாதென்றால், முதல் அமர்வில் ஒன்றைக் கவனியுங்கள். தாம் கேட்பது எதுவும் வெளியே போகாது என்றும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பிறரிடம் சொல்ல வேண்டிவரும் என்றும் ஆலோசகர் தாமாகவே விளக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் யார் யாரைத் திரும்ப அழைப்பது, உரையாடல் பதிவு செய்யப்படுகிறதா என்பதையும் அப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். யாராவது அறைக்குள் வந்துவிட்டால் நீங்கள் சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தை, “மஞ்சள் விலை என்னங்க ஆச்சு?” என்பது போல, முன்பே ஒப்புக்கொண்டிருந்தால், அதைக் கேட்டதும் அவர் பேச்சை மாற்றிக்கொள்வார்.

முதல் அமர்விலேயே மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்கு அன்றிரவு இன்னும் கனமாகவே இருக்கும். நான்காவது அமர்வுக்குப் பிறகு உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை வேறு. இந்த வாரம் எதைச் செய்து பார்க்க வேண்டும் என்ற தெளிவு ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் கிடைக்கிறதா? தூக்கம், பசி, வேலைக்குப் போவது, குழந்தைகளிடம் எரிந்து விழுவது ஆகியவற்றில் சிறிதளவேனும் மாற்றம் உண்டா? அவரிடம் இன்னும் மறைத்துக்கொண்டிருப்பது என்ன, மறைப்பதற்குக் காரணம் அவரா, உங்கள் வீட்டுச் சுவரா? சுவர்தான் காரணம் என்றால் ஆலோசகரை மாற்றிப் பயனில்லை. இடத்தை மாற்றுங்கள், அல்லது நேரில் போங்கள். அவர்தான் காரணம் என்றால், அவரிடமே அதைச் சொல்லுங்கள். அழைப்பை எடுக்காமல் விட்டுவிடுவது நமக்கு எளிதான வழி, எதிரே சொல்லிப் பழக்கமில்லாததால். ஆனால் “எனக்கு இது ஒத்துவரவில்லை, வேறொருவரைப் பரிந்துரைக்க முடியுமா” என்ற வேண்டுகோள் அவர்களுக்குப் புதிதன்று.

நிறுத்தினாலும் மாற்றினாலும், அதுவரை நடந்ததைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பை அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: என்ன சிக்கலுக்காக வந்தீர்கள், எந்த முறையில் எத்தனை அமர்வுகள் நடந்தன, மருந்து உண்டென்றால் அதன் பெயரும் அளவும், எது பலன் தந்தது, எது தரவில்லை. அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லும் சிரமத்தை அது குறைக்கும். வீட்டில் அச்சுப்படி வைத்துக்கொள்ள முடியாதவர்கள் அதைத் தம் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லி, கடவுச்சொல் தமக்கு மட்டுமே தெரிந்ததாக வைத்துக்கொண்டால் போதும்.